லீவர் ஆக்‌ஷன் வாங்கலாமா? முதலில் தூரத்தைப் பாருங்கள்

கேள்வி: பென்சில்வேனியாவில் சில வருடங்களாக மான் வேட்டைக்குப் போகிறேன். ஸ்கோப் வைத்த, பக்கவாட்டுக் கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தோட்டா ஏற்றும் .308 போல்ட் ஆக்‌ஷன் இருக்கிறது. கூட வருபவர்களில் இருவர், டிரிகரைச் சுற்றியுள்ள வளையக் கைப்பிடியைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ஆக்‌ஷனுக்கு மாறிவிட்டார்கள். கையில் வாங்கிப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசை. தோட்டா வகையில் .30-30 போதுமா, .45-70 வேண்டுமா? பழைய வின்செஸ்டரா, புது மார்லினா? எச்1பி விசாவில் இருக்கும் என் மைத்துனனும் வேட்டைக்கு வரக் கேட்கிறான். அவன் துப்பாக்கியைத் தொடலாமா?

பதில்: .30-30 போதும். புது மார்லின் 336 வாங்குங்கள். .308ஐ மட்டும் விற்றுவிடாதீர்கள்.

இதுவரை நீங்கள் சுட்ட மான்கள் எவ்வளவு தூரத்தில் நின்றன என்று யோசித்துப் பாருங்கள். மலை லாரல் புதரும் ஹெம்லாக் மரமும் அடர்ந்த காட்டில் உட்காருபவர் என்றால் பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள்தான் இருக்கும். அந்தக் காட்டுக்கென்றே பிறந்தது லீவர் ஆக்‌ஷன். மின்கம்பிப் பாதையின் ஓரத்திலோ சோளக்கொல்லை விளிம்பிலோ உட்கார்ந்து 250 கெஜம் பார்ப்பவர் என்றால், ஆசையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு .308ஐயே எடுத்துப் போங்கள்.

காரணம் தோட்டாவின் மூக்கு. பெரும்பாலான லீவர் துப்பாக்கிகளில் குழலுக்குக் கீழே ஓடும் குழாய்தான் மேகசின். அதில் தோட்டாக்கள் வரிசையாக, ஒன்றின் மூக்கு முன்னால் உள்ளதன் பின்முனையில் இருக்கும் பிரைமரை (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) தொட்டபடி நிற்கும். கூர்முனைக் குண்டைப் போட்டால், சுடும்போது வரும் உதைப்பில் அந்த முனை முன்தோட்டாவின் பிரைமரைக் குத்தி, மேகசினுக்குள்ளேயே வெடித்துவிடலாம். அதனால்தான் தட்டை மூக்குக் குண்டுகள். தட்டை மூக்கு காற்றை முட்டிக்கொண்டு போவதால் வேகம் சீக்கிரம் குறையும். 170 கிரெய்ன் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சிறு எடை அளவு) .30-30 குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு ஏறத்தாழ 2,200 அடி. நூறு கெஜத்துக்குச் சரிசெய்து வைத்தால், இருநூறில் எட்டு அங்குலம் போல இறங்கிவிடும். உங்கள் .308 அதே தூரத்தில் இறங்குவது ஏறக்குறைய பாதிதான். ஹார்னடி கொண்டுவந்த மென்முனைத் தோட்டாக்கள், நுனியில் ரப்பர் போன்ற பொருள் வைத்து இந்தச் சிக்கலைக் கொஞ்சம் தளர்த்தின. ஐம்பது கெஜம் கூடுதலாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக .30-30 ஒன்றும் .308 ஆகிவிடாது.

குழாயே இல்லாமல், கழற்றும் பெட்டி மேகசினோடு வரும் பிரவுனிங் பிஎல்ஆர், ஹென்றி லாங் ரேஞ்சர் போன்றவையும் உண்டு. அவற்றில் கூர்முனைத் தோட்டாவே போடலாம், .308இலும் கிடைக்கும். நல்ல துப்பாக்கிகள்தான். ஆனால் நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கியபோது உங்களுக்குப் பிடித்துப்போனது அந்த ஒல்லியான தட்டை உடம்பும், பக்கவாட்டில் துருத்தும் போல்ட் கைப்பிடி இல்லாததும், ஒற்றைக் கையில் நடுவில் பிடித்தபடி நாள் முழுக்க நடக்கலாம் என்பதும்தான் என்றால், பெட்டி மேகசின் அதில் பாதியைக் கெடுத்துவிடும்.

.45-70 பற்றி. அது 1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற தோட்டா. 405 கிரெய்ன் குண்டு, 70 கிரெய்ன் கருமருந்து. அலாஸ்காவில் பழுப்புக் கரடி இருக்கும் இடத்தில் நடப்பவர் தோளில் அது இருந்தால் நியாயம். வெள்ளைவால் மானுக்கு எதற்கு? உதைப்பு பலம், தோட்டா விலையும் அதிகம். பழைய பாணி 405 கிரெய்ன் தோட்டா நூறுக்கும் இருநூறு கெஜத்துக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு அடி இறங்கும். உதைப்புக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுபவரை ரேஞ்சில் பார்த்தால், பெரும்பாலும் கையில் இருப்பது இதுதான்.

ஓஹியோவுக்கும் போவீர்கள் என்றால் மட்டும் கணக்கு மாறும். அங்கே மானுக்கு ரைஃபிளில் நேர்ச்சுவர்க் கூடு (மேலிருந்து கீழ்வரை குறுகாத கூடு) உள்ள தோட்டாக்களைத்தான் அனுமதிக்கிறார்கள். .30-30இன் கூடு கழுத்தில் குறுகுவதால் அதற்கு இடமில்லை. .45-70, .44 மேக்னம், 2023இல் ரெமிங்டன் கொண்டுவந்த .360 பக்ஹேமர் எல்லாம் செல்லும். எதை வாங்கினாலும் அந்த வருட விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் நண்பர்கள் மாறியதில் ஆச்சரியமில்லை. பென்சில்வேனியாவில் மானுக்கு, சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் கூடாது. தோளிலிருந்து இறக்காமல் சட்டென்று இரண்டாவது குண்டு வேண்டுமென்றால் லீவர் அல்லது பம்ப் (முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது) தான் வழி. நடுவில் சில காலம் நல்ல சரக்குக்கே தட்டுப்பாடு. வின்செஸ்டரின் நியூ ஹேவன் ஆலை 2006இல் மூடியது. 2007இல் மார்லின் ரெமிங்டன் கைக்குப் போனது, தரம் சறுக்கியது, வேட்டைக்காரர்கள் ‘ரெம்லின்’ என்று கிண்டல் செய்தார்கள். 2020இல் ரெமிங்டன் திவாலானபோது ரூகர் மார்லினை வாங்கியது. 2021 கடைசியில் .45-70 சுடும் ‘1895’ என்ற மாடலும், 2023இல் 336உம் ரூகரிடமிருந்து வெளிவந்தன. இப்போது வருபவை திருத்தமாக இருக்கின்றன. பழையது வாங்குவதானால், குழல் உடம்போடு சேரும் இடத்தருகே ‘ஜேஎம்’ முத்திரை குத்திய ரெமிங்டனுக்கு முந்தைய மார்லினைத் தேடுங்கள்.

வின்செஸ்டர் 94 ஜான் பிரவுனிங்கின் வடிவமைப்பு. .30-30 தோட்டாவே 1895இல் அதற்காக வந்ததுதான். அழகில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் 1980களுக்கு முந்தையவை காலிக் கூட்டை நேராக மேலே துப்பும். நடுவில் ஸ்கோப் வைக்க வழியில்லை. மார்லின் பக்கவாட்டில் தள்ளுவதால் மேல்பகுதி கெட்டியாக இருக்கும், ஸ்கோப் சாதாரணமாக உட்காரும். பெரிய ஸ்கோப் வேண்டாம், 1-4 அல்லது 2-7 மடங்கு பெரிதாக்குவது போதும். பீப் சைட் (சிறு துளை வழியே குறிபார்ப்பது) பழகினால் இன்னும் நல்லது. ஸ்கோப் வைத்தால், ஹேமருக்கு (பின்னால் ஏறி நின்று, டிரிகரை அழுத்தியதும் முன்னால் அடிக்கும் சுத்தியலுக்கு) பக்கவாட்டில் திருகும் சின்னக் கைப்பிடி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஸ்கோப்புக்கு அடியில் கட்டைவிரல் நுழையாது.

அந்தக் கட்டைவிரல் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். போல்ட் ஆக்‌ஷனிலிருந்து வருபவர்கள் தடுமாறும் இடம் அதுதான். லீவரை அடித்ததும் ஹேமர் முழுசாகப் பின்னால் ஏறி நிற்கும். மான் போய்விட்டது, சுடவில்லை. இப்போது உள்ளே தோட்டா இருக்கும்போதே ஹேமரை இறக்க வேண்டும். குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்புங்கள். 336இல் குறுக்கு சேஃப்டி பொத்தானை முதலில் அழுத்திவிடுங்கள், அது ஹேமருக்கும், பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின்னுக்கும் நடுவே தடுப்பாக நிற்கும். கட்டைவிரலால் ஹேமரை இறுகப் பிடித்து, டிரிகரை அழுத்தி, ஹேமர் நகர ஆரம்பித்ததும் டிரிகரை விட்டு, மெதுவாக அரைக் கொக்கியில் (ஹேமர் பாதி வழியில் மாட்டி நிற்கும் இடத்தில்) கொண்டுவந்து நிறுத்துங்கள். டிசம்பர் குளிரில் கனத்த கையுறையோடு இதைச் செய்யும்போது விரல் வழுக்கும். வீட்டில் டம்மி தோட்டா போட்டு, கையுறை மாட்டிக்கொண்டே பழகுங்கள். அப்புறம், போட்ட பொத்தானை எடுக்க மறந்து, மானுக்கு முன்னால் வெறும் ‘டிக்’ சத்தத்தோடு முழித்தவர்கள் ஏராளம். அதையும் சேர்த்தே பழகுங்கள்.

சாயங்காலம் வண்டியில் ஏறுமுன் துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டும் என்பது சட்டம். குழாய் மேகசினில் அது ஒரு வேலை. லீவரை ஒவ்வொன்றாக அடித்துத்தான் தோட்டாக்களை வெளியே தள்ள வேண்டும், ஒவ்வொரு முறையும் ஹேமர் ஏறும். விரல் டிரிகர் பக்கமே போகக்கூடாது. குழாய் மேகசின் உள்ள ஹென்றியில் உள்குழாயை உருவினால் தோட்டாக்கள் வழுக்கி வந்துவிடும், சுடுவதற்குத் தயாராகக் குழலின் பின்முனை அறையில் இருப்பதை மட்டும் லீவரால் எடுத்தால் போதும். இந்த ஒரு வசதிக்காகவே ஹென்றி வாங்குபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

லீவரை அரைகுறையாகத் தள்ளினால் தோட்டா சிக்கும். முன்னால் கடைசி வரை, பின்னால் கடைசி வரை, தயங்காமல் அடியுங்கள். சுத்தம் செய்ய 336 எளிது: லீவரின் ஒரு திருகைக் கழற்றி, லீவரை எடுத்து, போல்ட்டைப் பின்னால் உருவினால் குழலைப் பின்பக்கத்திலிருந்தே துடைக்கலாம். அப்போது எஜெக்டர் என்ற மெல்லிய துண்டு உள்ளேயிருந்து கழன்று விழும். கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள்.

மைத்துனன் விஷயம். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது பொதுவான கூட்டாட்சிச் சட்டம். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. விசாக்காரருக்கும் ஒரு விலக்கு உண்டு: அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாக வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் பென்சில்வேனியாவின் வேட்டைப் பயிற்சி வகுப்பு, பிறகு உரிமம், அதற்குப் பிறகே துப்பாக்கி. உரிமம் வரும்வரை ரேஞ்சில் ‘சும்மா ஒரு குண்டு’ என்று உங்கள் துப்பாக்கியைக் கொடுத்துவிடாதீர்கள். விசா சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே அவன் வகுப்புக்குப் பதிவு செய்யட்டும்.