வீட்டு சோலார் லாபமா? முதலில் ஈபி பில்லைப் பாருங்கள்

சோலார் போடலாமா என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. கணக்கெல்லாம் தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கு, 2024 ஜூலையில் உயர்ந்த கட்டணப்படி போட்டது.

திருப்பூர் வாசகர்: சார், இரண்டு ஏசி ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஆகிறது. 3 கிலோவாட் போட்டால் போட்ட காசு எப்போது திரும்பும்?

உங்களைப் போன்றவர்களுக்குத்தான் சோலார் கைமேல் பலன். இப்போது பில் சுமார் 5,800 ரூபாய் வரும். நிழல் விழாத மாடியில் 1 கிலோவாட் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும். அப்படியானால் 3 கிலோவாட்டில் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 700 யூனிட். பகலில் மிஞ்சுவது ஈபிக்குப் போய், ராத்திரி நீங்கள் எடுப்பதில் கழியும்; அதற்கு நெட் மீட்டர் வேண்டும். மீதி 200 யூனிட்டுக்குச் சுமார் 235 ரூபாய்தான். வருஷத்துக்கு 33,000 ரூபாய் மிச்சம்.

செலவு இரண்டு லட்சம் என்று வையுங்கள். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மத்திய அரசு மானியம் 78,000 போனால், கைக்காசு 1,22,000. நாலு வருஷத்துக்குள் எடுத்துவிடலாம். ஆனால் மானியம் வேலை முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். பேனலுக்குள் வெளிச்சத்தை மின்சாரமாக்கும் செல், இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் அதுவும். பில்லில் எழுதி வாங்குங்கள்.

மதுரை வாசகி: அண்ணா, எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்தான். மானியம் இருக்கிறதே என்று 1 கிலோவாட் போடச் சொல்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள் அம்மா. முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 சலுகை விலை. உங்கள் பில்லே 700 ரூபாய் சொச்சம். முழுதாகக் குறைந்தாலும் வருஷத்துக்கு 4,200. மானியம் 30,000 போக நாற்பதாயிரம் செலவானால், திரும்ப ஒன்பது, பத்து வருஷம் ஆகும். அதற்குள், பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரையே மாற்ற வேண்டி வரலாம். பழைய மின்விசிறிகளை, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி விசிறியாக மாற்றுங்கள், அதில் சீக்கிரம் மிச்சம் தெரியும்.

ஏசி வாங்கும் எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் அந்தச் சலுகை விலை போய்விடும். 500 யூனிட் பில்லுக்கும் 510 யூனிட் பில்லுக்கும் 300 ரூபாய்க்கு மேல் வித்தியாசம், வெறும் பத்து யூனிட்டுக்கு! சோலார் வெட்ட வேண்டியது அந்த மேல் யூனிட்களைத்தான்.

நாகப்பட்டினம் வாசகர்: மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும். டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. சோலார் போட்டு அதை விற்றுவிடலாமா?

இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மானியத்தில் போடும் சாதாரண ஆன்கிரிட் சோலார், அதாவது பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்ந்து ஓடுவது, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

ஜெனரேட்டர் செலவும் லேசல்ல. ஒரு லிட்டர் டீசலில் நல்ல லோடில் மூன்று யூனிட் வரும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது எண்ணெய்ச் செலவே யூனிட்டுக்கு 30 ரூபாய். நாலு விசிறிக்கும் லைட்டுக்கும் ஓட்டினால் இன்னும் கூடும். உங்களுக்குத் தேவை பேட்டரி. விசிறி, லைட், ஃபிரிட்ஜுக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் போதும், அதை ஈபியிலேயே சார்ஜ் செய்யலாம். பேனல் கூடவே வேண்டுமென்றால், ஈபியோடும் பேட்டரியோடும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் சோலார். ஆசிட் பேட்டரியை நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். லித்தியம் விலை அதிகம், ஆயுளும் அதிகம். புயல் நாட்களுக்கு, போர்வெல் மோட்டார் இழுக்க, ஜெனரேட்டர் கிடக்கட்டும். விற்காதீர்கள்.

தேனி வாசகர்: எங்கள் ஊரில் வெயிலுக்குக் குறைவில்லை. சித்திரையில் அள்ளித் தருமா சார்?

மாசி, பங்குனியில்தான் நன்றாகத் தரும். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. சூடு ஏற ஏற உற்பத்தி குறையும். அதனால் பேனலைத் தரையோடு ஒட்டிப் போடாமல், அடியில் காற்று ஓட இடம் விடுங்கள்.

கும்பகோணம் வாசகி: மாடியில் தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டில் தென்னை. இடம் பார்க்க வந்தவர் பரவாயில்லை என்கிறார்.

எந்த மாதம் வந்து பார்த்தார் அக்கா? ஆனியில் சற்று வடக்கே சாய்ந்து போகும் சூரியன் மார்கழியில் தெற்கே சாய்ந்துவிடும். அப்போது தென்பக்கத் தென்னையின் நிழல் மாடி முழுக்க நீளும். வரிசையில் ஒரு பேனலில் நிழல் விழுந்தாலே மற்றதும் சேர்ந்து மந்தமாகலாம். மார்கழியில் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மாடிக்குப் போய், தொட்டி நிழலும் தென்னை நிழலும் தொடும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். 1 கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி வேண்டும். அந்தக் கோட்டுக்கு வெளியே எத்தனை நூறு கிடைக்கிறதோ அத்தனை கிலோவாட்டுக்கு மட்டும் விலை கேளுங்கள்.