கொச்சி யாருடைய ஊர்? – கடிதம்

வணக்கம்ங்க,

போன மாதம் குடும்பத்தோடு கொச்சி போய் வந்தோம். வாஸ்கோடகாமாவைப் புதைத்த தேவாலயம், டச்சு அரண்மனை, யூதர் ஜெபக்கூடம், சீன வலை எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாமே வெளியாட்கள் விட்டுவிட்டுப் போனதுதானே? அந்த ஊருக்கென்று சொந்தமாக என்ன இருக்கிறது? இதைக் கலப்புப் பண்பாடு என்று ஏன் கொண்டாட வேண்டும்?

– ஒரு வாசகர், பொள்ளாச்சி

அன்புள்ள நண்பருக்கு,

டச்சு அரண்மனையைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் இல்லை. 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். 1663-ல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் பிற்பாடு அதைச் செப்பனிட்டதால் அந்தப் பெயர். உள்ளே சுவரில் ராமாயண ஓவியம், முற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில். அதை ஒட்டியே 1568-ல் எழுந்த யூதர் ஜெபக்கூடம். அதற்கு இடம் கொடுத்ததும் கொச்சி ராஜாதான். தரையில் சீனாவிலிருந்து கப்பலில் வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள். கட்டியவர்களை மட்டும் நாம் பேசுகிறோம். கோயிலுக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்துச் சேர்ந்து வாழ்ந்தவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தானே?

வாஸ்கோடகாமா 1524-ல் அங்கே புதைக்கப்பட்டார். பத்துப் பதினைந்து வருடங்களில் அவருடைய எலும்பையும் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். நான் சொல்ல வருவது தங்கிவிட்டவர்களைப் பற்றி. கோட்டைக்கொச்சியில் வேளி என்ற பகுதியில் துணி வெளுக்கும் தோபிகானா ஒன்று இருக்கிறது, அடுத்த முறை அவசியம் போங்கள். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கூட்டி வந்தார்கள். 1795-ல் ஊர் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. வண்ணார்கள் எங்கேயும் போகவில்லை.

நான் அங்கே அரை நாள் நின்று பார்த்தேன். கொடியில் கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றைச் சேர்த்து முறுக்கிக் கட்டி, முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகுகிறார்கள். அந்தக் கடல்காற்றுக்கும் ஒரு வேட்டி பறக்கவில்லை. கஞ்சி போட்ட சேலையை உதறிக்கொண்டிருந்த ஒரு அம்மா, பக்கத்திலிருந்தவரிடம் மலையாளத்தில் பேசிவிட்டு என் பக்கம் திரும்பி, "எந்த ஊருங்க?" என்று கேட்டார். ஈரோடு என்றேன். "அப்ப நம்ம ஆளுதான்" என்றார். அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் கொச்சியில்.

சரி, நமக்கும் கொச்சிக்கும் என்ன என்று நினைப்பீர்கள். கொச்சி தலையெடுக்கும் முன்பு அந்தக் கரையின் பெரிய துறைமுகம் முசிறி. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு, நம் ஈரோட்டுப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணலில் கல்மணி செய்த காலத்திலேயே பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்தக் கரைக்குச் சரக்கு போய் வந்திருக்கிறது. கோவை வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசு குவியலாகக் கிடைத்தது வேறெப்படி?

காசாவது மண்ணுக்குள் கிடந்தது. சொற்கள் நம் வாயிலேயே இருக்கின்றன. சாவி, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தவை. ஏலமும் அப்படித்தான். அவர்களுடைய 'லெய்லாவ்' நம்மிடம் ஏலம் ஆனது, அவர்களே அதை அரபியிலிருந்து எடுத்ததுதான். உங்கள் ஊரில் கொப்பரைக்கு அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் ஓடுமா?

சின்ன வயதில் அப்புச்சியோடு ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போவேன். விரலி ஒன்றை எடுத்துப் படக்கென்று ஒடித்து, உள்ளே நிறம் பார்த்து, என் மூக்கில் காட்டிவிட்டுச் சொல்வார்: "இன்னைக்கு ஏலத்துல நம்முளுது நல்லாப் போகும், பாரு."