கியரைத் தலைகீழாக மாற்றலாமா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

யமஹா ஆர்15 வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறேன். ரேஸ் பைக் மாதிரி முதல் கியர் மேலே, மற்றதெல்லாம் கீழே என்று மாற்ற கியர்பாக்ஸைத் திறக்க வேண்டுமா?
– கே.எம்., சூலூர்

கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம். உங்கள் வண்டியில் கால் லீவர் ஃபுட்ரெஸ்ட் பக்கம் தனியாக நிற்கிறது. அங்கிருந்து ஒரு ராட் போய், இன்ஜினிலிருந்து வெளியே நீட்டும் ஷிஃப்ட் ஷாஃப்டில் (கியரை மாற்றும் தண்டு) மாட்டிய சிறிய கையைத் தள்ளி இழுக்கிறது. லீவரின் கையும் (ராட் மாட்டும் முனை) ஷாஃப்டின் கையும் ஒரே பக்கம் பார்த்தால், அதாவது இரண்டும் மேலே அல்லது இரண்டும் கீழே என்றால், வழக்கமான கியர் வரிசை (முதல் கியர் கீழே, மற்றவை மேலே). ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நின்றால் வரிசை தலைகீழ். மொத்த வேலையும் இந்த ஒரு விதிக்குள் அடங்கிவிடும்.

இன்ஜின் ஆறிய பிறகு, பின்சக்கரம் தரையைத் தொடாதபடி பேடாக் ஸ்டாண்டில் ஏற்றி நியூட்ரலில் வையுங்கள். ஷாஃப்டின் முனையிலும் கையிலும் சேர்ந்தாற்போல ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். ராடின் நீளத்தை அதன் இரு முனைகளிலும் உள்ள பால் ஜாயின்ட்களின் (உருண்டை மூட்டு) மையத்திலிருந்து அளந்து எழுதி வையுங்கள். பழையபடி மாற்ற நினைக்கும் நாளில் இந்த இரண்டும்தான் கைகொடுக்கும்.

ராடின் இரண்டு லாக் நட்களையும் தளர்த்துங்கள். பெரும்பாலும் ஒரு முனையில் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிராகச் சுற்றும் மரை, இருக்கும். அது தெரியாமல் தப்பான பக்கம் முறுக்கி மரையைத் தின்ன வைப்பவர்கள் நிறையப் பேர். பிறகு ஷாஃப்ட் கையின் போல்ட்டை முழுவதுமாக உருவி எடுங்கள். அந்த போல்ட் ஷாஃப்டில் வெட்டிய பள்ளத்தின் குறுக்கே போகிறது. பாதி தளர்த்திவிட்டு எவ்வளவு இழுத்தாலும் கை வராது. வரவில்லையே என்று சுத்தியலால் தட்டினால் ஆயில் சீலுக்கும் உள்ளே இருக்கும் ஷிஃப்ட் பொறிக்கும் கேடு. கையின் பிளவில் தட்டை ஸ்க்ரூடிரைவரை நுழைத்து லேசாக விரித்தால் போதும், நழுவி வந்துவிடும்.

ஷாஃப்டின் பற்களை மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்துத் துடைத்து, கையை எதிர்ப்பக்கம் மாட்டுங்கள். தப்பு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ராட் இப்போது மேலிருந்து கீழாகக் குறுக்கே ஓடும். இரண்டு கைகளும் 35 மி.மீ., இடைவெளி 250 மி.மீ. என்றால் ராட் சுமார் 16 டிகிரி சாய்ந்திருக்கும். கைகளை நேர் செங்குத்தாக விட்டால் ராடோடு 74 டிகிரிதான் அமையும். அப்படி இருந்தால் மேலே தூக்கும் தூரம் ஒன்று, கீழே மிதிக்கும் தூரம் வேறொன்று ஆகிவிடும். கியர் முழுவதும் விழாமல், ஆக்சிலேட்டரை முறுக்கும்போது வெளியே துள்ளும். துள்ளத் துள்ளக் கியரின் கவ்வும் பற்கள் மழுங்கும், அதன் பிறகு இன்ஜினைப் பிளக்க வேண்டியதுதான். ஆகவே ஷாஃப்டின் கையை ஒரு பல் தள்ளிப் போட்டுப் பாருங்கள், ராடின் நீளத்தை மாற்றி லீவரைச் சாயுங்கள். 90 டிகிரிக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ அவ்வளவு நல்லது. எம்6 (6 மி.மீ. விட்ட மரை) ராடில் ஒவ்வொரு முனையிலும் 9 மி.மீ. மரையாவது உள்ளே இருக்க வேண்டும். எட்டவில்லையா? இழுத்துப் பிடித்து ஒப்பேற்றாதீர்கள், நீளமான ராட் வாங்குங்கள்.

போல்ட்டுக்கு நீல நிறத் திரெட் லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. எம்6 என்றால் சுமார் 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள், உங்கள் சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. இனி பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஆறு கியரும் ஏற்றி இறக்குங்கள். சக்கரம் சுற்றாமல் கியர் விழாது. ஒவ்வொரு கியரிலும் ஷாஃப்ட் கையின் நுனியைக் குனிந்து பாருங்கள். ஃப்ரேம், ஸ்ப்ராக்கெட் மூடி, சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங், ஃபேரிங் எதற்கும் 5 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி வேண்டும். இடித்தால் குட்டையான கையோ தனி ரியர்செட்டோதான் (பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட், லீவர் தொகுப்பு) வழி, ஃப்ரேமை அராவக் கூடாது. முதல் 20 கிலோமீட்டருக்குப் பிறகு போல்ட்டையும் லாக் நட்டையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

ஆர்எக்ஸ் 100-ல் லீவரைக் கழற்றித் திருப்பினால் ஆகாதா?
– ஜெ., ஈரோடு

அதில் ராடும் இல்லை, தனிக் கையும் இல்லை. லீவரே நேராக ஷாஃப்டில் உட்கார்ந்திருக்கிறது. மேலே கீழே எப்படி மாட்டினாலும் ஒன்று கீழே, மூன்று மேலேதான். ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குத் தள்ளி, லீவரின் நுனி பின்பக்கம் பார்க்கும்படி மாட்டினால் வரிசை தலைகீழாகும். கால் அங்கே வசதியாக எட்டுமா என்று முதலில் பாருங்கள். ராட் வைத்த ரியர்செட் போடுகிறவர்கள் மேலே சொன்ன ஒரே பக்கம், எதிர்ப்பக்கம் விதியைக் கவனியுங்கள். அதைக் கவனிக்காமல், கேட்காமலே தலைகீழ் கியரோடு வீடு திரும்புகிறவர்கள் உண்டு.

பழைய புல்லட்டும் ஸ்ப்ளெண்டரும் இதே வகையா?
– எஸ்.ஆர்., விருதுநகர்

வலது காலில் கியர் வைத்த பழைய நான்கு கியர் புல்லட்டில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. வரிசை அளவில் ரேஸ் பைக் மாதிரியேதான். ஸ்ப்ளெண்டர் வேறு: நியூட்ரல் ஒரு கோடியில், அங்கிருந்து நான்கும் முன்னால் மிதித்தே விழும்.

மாற்றிய பிறகு குவிக்ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் கருவி) வேலை செய்யவில்லை. மிதித்தால் லீவர் கல் மாதிரி இருக்கிறது.
– பி.வி., ஸ்ரீபெரும்புதூர்

சென்சார் ராடில் இருந்தால் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஷாஃப்டின் கையைத் திருப்பியதால், கியர் ஏற்றும்போது முன்பு ராடில் இழுவிசை இருந்த இடத்தில் இப்போது தள்ளுவிசை (அல்லது அதற்கு நேர்மாறு). சென்சாருக்கு அது கியர் இறக்குவதாகப் படுகிறது, இன்ஜின் விசையைத் துண்டிப்பதில்லை. செட்டிங்கில் திசையை மாற்ற இடம் இருந்தால் மாற்றுங்கள், இல்லையேல் எதிர்த்திசைச் சென்சார் வாங்க வேண்டும். உங்கள் ரியர்செட்டில் லீவரின் கையைத் திருப்ப வழியிருந்தால் அதைவிட நல்லது: ஷாஃப்டின் கையைப் பழையபடி வைத்து லீவர் பக்கத்தைத் திருப்புங்கள். ராடில் விசையின் திசை மாறாது, சென்சாருக்கு வித்தியாசமே தெரியாது. மீட்டரில் கியர் எண் எப்படியும் சரியாகவே காட்டும், அது கியர்பாக்ஸுக்குள் கியரைத் தேர்ந்தெடுக்கும் டிரம்மின் சுழற்சியைப் படிக்கிறது.

தினமும் ஆபீஸ் போகும் வண்டியிலும் மாற்றலாமா?
– எம்.எஸ்., தாம்பரம்

வேண்டாம் என்பதே என் பதில். இந்த ஏற்பாட்டின் பயன் டிராக்கில்: இடது பக்கம் சாய்ந்து வளைவைவிட்டு வெளியேறும்போது லீவருக்கு அடியில் பாதத்தை நுழைக்க இடமில்லை, மேலிருந்து மிதிப்பது எளிது. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் அந்தத் தேவை வராது.

ஆபத்து உங்கள் காலின் பழக்கத்தில் இருக்கிறது. ஐந்தாம் கியரில் 10,000 ஆர்பிஎம்மில் போகிறீர்கள், 6 போட நினைத்துப் பழைய ஞாபகத்தில் தூக்குகிறீர்கள், விழுவது 4. இரண்டு கியருக்கும் விகித வித்தியாசம் 1.2 மடங்கு என்றால் இன்ஜின் 12,000-க்குத் தாவும். ரெவ் லிமிட்டர் (இன்ஜின் சுழலும் வேகத்துக்கு வரம்பு போடும் அமைப்பு) காப்பாற்றாது, ஏனென்றால் இன்ஜினைச் சுற்றுவது அப்போது பெட்ரோல் அல்ல, பின்சக்கரம். வால்வு பிஸ்டனில் இடிப்பதும் பின்சக்கரம் பூட்டிக்கொள்வதும் இப்படித்தான். ஸ்லிப்பர் கிளட்ச் (பின்சக்கரம் இன்ஜினை இழுத்துச் சுற்றும்போது நழுவிக்கொடுக்கும் கிளட்ச்) சக்கரத்தின் உதறலைக் குறைக்கும், அவ்வளவே.

வீட்டில் இரண்டு வண்டி, இரண்டு வரிசை என்பது மிக மோசம். மாற்றியே தீருவேன் என்றால் நீங்கள் ஓட்டும் எல்லா வண்டியிலும் மாற்றுங்கள். டேங்க் மேல் கண்ணில் படும்படி கியர் வரிசையை எழுதி ஒட்டுங்கள். தம்பியிடம் சாவி கொடுக்கும்போதும், சர்வீஸ் முடிந்து மெக்கானிக் டெஸ்ட் ரைடு எடுக்கும் முன்பும் வாயால் சொல்லுங்கள்.