வரையத் தெரியாத மகளும் சித்திரக்கதை எழுத்தும்

மதிப்புக்குரிய ஐயா,

உயர்தரத்தில் கலைப்பிரிவில் படிக்கும் உங்கள் மகள் சித்திரக்கதை எழுதுவதையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறார் என்றும், கோடு போடவே தெரியாத பிள்ளைக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது என்று விளங்கவில்லை என்றும் கிளிநொச்சியிலிருந்து எழுதியிருந்தீர்கள். வரையத் தெரியாதது இத்தொழிலுக்குத் தடையே அல்ல. சித்திரக்கதையில் எழுதுபவரும் வரைபவரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். கிளிநொச்சியும் அடங்கும் நம் வன்னி மண்ணின் பெயரையே தாங்கி 2019 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'வன்னி' என்ற சித்திர நாவலை, அதாவது நாவலளவு நீண்ட சித்திரக்கதையை, ஐ.நா. பணியாளராக இங்கே இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சே பொலொக் வரைந்தார். அந்தக் கதையை நம் பிள்ளைகளில் ஒருவர் தமிழில் எழுதியிருக்கக்கூடாதா என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு.

அப்படியானால் எழுதுபவர் என்னதான் செய்கிறார் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் யார் எங்கே நிற்கிறார், எதை அருகில் காட்டுவது, எதைத் தூரத்தில் விடுவது, பேச்சுக்குமிழிக்குள் எந்தச் சொற்கள் என்பவற்றையெல்லாம் வரைபவருக்காக எழுதிக் கொடுப்பதே அவருடைய வேலை. ஏற்கெனவே உள்ள கதையொன்றைச் சித்திர நாவலாகத் தழுவும்போது இது இன்னும் கடினமாகிறது. ஏனெனில் அங்கே எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே பெரிய கேள்வி.

வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போய்வரும் உங்களுக்குக் கண்ணகி கதையைச் சொல்லத் தேவையில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் பாண்டியன் தன் அரசியின் சிலம்பின் பரல் முத்து என்கிறான், கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள், சிலம்பு உடைகிறது, 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே' என்று இளங்கோ எழுதுகிறார். தழுவி எழுதுபவர் சிலம்பை ஓங்கிய கையை வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் நிறுத்திவிட்டு, வாசகர் தாளைப் புரட்டியதும் எதிர்ப்படும் பக்கம் முழுவதையும் அந்த ஒரு மாணிக்கத்துக்கும் அரசனின் முகத்துக்கும் கொடுத்துவிடலாம். அங்கே ஒரு சொல்லும் வேண்டாம். மூலத்தில் அதற்குப் பின் அரசன் பேசுவதையெல்லாம் குமிழிகளில் அடைப்பவர் காப்பியத்தைப் படியெடுக்கிறாரே தவிரத் தழுவவில்லை என்பது என் கருத்து.

உங்கள் மகள் அனுப்பிய குறிப்பில், வாழ்ந்துகொண்டிருக்கும் எழுத்தாளர் ஒருவரின் சிறுகதையைத் தழுவ விரும்புவதாக உள்ளது. அதற்கு அவருடைய எழுத்துமூல அனுமதி கட்டாயம் வேண்டும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி தழுவும் உரிமையும் ஆசிரியருக்கே உரியது. அது அவர் இறந்த பின்னும் 70 ஆண்டுகள் நீடிக்கும். சிலப்பதிகாரத்துக்கும், 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனின் வரலாற்றுக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றைப் பற்றி அண்மையில் ஒருவர் எழுதிய நாடகத்தையோ நாவலையோ எடுத்தால் கேட்டே ஆகவேண்டும்.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இதை மட்டும் நம்பி வன்னியில் ஒரு குடும்பத்தை நடத்த இப்போதைக்கு முடியாது. தமிழ்ச் சித்திரக்கதைச் சந்தை சிறியது; 1972 இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ் போன்றவையும் பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்பிலேயே வளர்ந்தன. ஆகவே உங்கள் மகள் நல்ல ஆங்கிலம் கற்றுக்கொண்டால் மொழிபெயர்ப்பும் ஒரு வழியாகும். சுகாதாரம், கண்ணிவெடி அபாயக் கல்வி போன்றவற்றுக்காகப் படங்களுடன் கூடிய பிரசுரங்களைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் இத்தகைய எழுத்து தேவைப்படுகிறது. ஊதியம் பக்கக் கணக்கிலோ, விற்பனையில் ஒரு பங்காகவோ பேசப்படும். எதுவானாலும் வேலை தொடங்குமுன் எழுத்தில் இருக்கட்டும்.

படிப்பைப் பொறுத்தவரை தமிழுடன் நாடகமும் அரங்கியலும், ஊடகக் கற்கை ஆகிய பாடங்கள் பொருத்தமானவை. உரையாடலைச் சுருக்கவும் காட்சியைப் பிரிக்கவும் அரங்கியலைப் போல் பழக்கும் பாடம் வேறில்லை. வவுனியாப் பல்கலைக்கழகம் வீட்டுக்கு அருகில் இருந்தாலும் அங்குள்ள பீடங்கள் வணிகம், பிரயோக விஞ்ஞானம், தொழில்நுட்பம் சார்ந்தவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தை முதலில் பாருங்கள். பட்டத்துடன் ஆசிரியத் தொழிலுக்கும் பத்திரிகைத் துறைக்கும் போகலாம் என்பதால், எழுத்து ஊன்றும்வரை வயிற்றுப்பாட்டுக்கு வழியிருக்கும்.

அடுத்த தவணை விடுமுறைக்குள் எட்டுப் பக்கக் கதையொன்றை அவர் கட்டம் கட்டமாக எழுதட்டும். அதை, அந்தக் கதையை அறியாத, சித்திரத்தைப் பாடமாகப் படிக்கும் ஒரு தோழியிடம் கொடுத்துப் பென்சிலால் வரையச் சொல்லட்டும். பக்கத்தில் இருந்து விளக்கம் எதுவும் சொல்லக்கூடாது. எந்தக் கட்டம் பிழையாக வரையப்பட்டிருக்கிறதோ அந்த இடத்தில் எழுத்தில்தான் குறை இருக்கும். இருவருடைய தாள்களையும் எடுத்துக்கொண்டு மகளுடன் நீங்களும் வாருங்கள், ஐயா. மூவரும் மேசையில் பரப்பி வைத்துப் பார்ப்போம்.