16-ஆம் எண் சட்டை இனி யாருக்கு?

இந்திய ஹாக்கி கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் ஓய்வு, ஊர் அணிகளில் புதிதாகப் பெயர் வாங்கும் பிள்ளைகள், மழைக்கால மைதானம் என்று டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த ஹாக்கிக் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஸ்ரீஜேஷ் போட்ட 16-ஆம் எண்ணை இனி யாரும் போடக் கூடாதாமே? எங்கள் பள்ளி அணியில் எனக்கு அந்த எண்தான் கொடுத்திருக்கிறார்கள்.
– பிளஸ் ஒன் மாணவர், மன்னார்குடி

தாராளமாகப் போடுங்கள், தம்பி. 2024 ஆகஸ்ட் 8-ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 2–1 என்று வென்று வெண்கலம் வாங்கியதோடு ஸ்ரீஜேஷ் விடைபெற்றார். அதற்கு அடுத்த வாரமே ஹாக்கி இந்தியா அந்த எண்ணுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டது. ஆனால் அது சீனியர் அணிக்கு மட்டும்தான். ஜூனியர் அணியில் 16 இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பள்ளி அணிக்கு எந்தத் தடையும் கிடையாது. உங்களை யாராவது கேலி செய்தால், அன்றைக்கு ஒரு கோலைத் தடுத்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள், போதும்.

நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் 36 வயதில் ஏன் விலக வேண்டும்? கோல்கீப்பர்கள் 40 வரைகூட ஆடுவார்களே?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

ஆடலாம்தான். ஓட்டம் குறைவு என்பதால் கோல்கீப்பருக்கு வயது மெதுவாகத்தான் ஏறும். தேய்வது இடுப்பும் முழங்காலும். ஒவ்வொரு பெனால்டி கார்னர் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) பயிற்சியிலும் பேட் கட்டிய காலோடு பக்கவாட்டில் விழுந்து எழ வேண்டும். 2006-இல் இந்திய அணிக்கு வந்தவர், நான்கு ஒலிம்பிக், 330-க்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்கள். எத்தனை முறை விழுந்து எழுந்திருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஹாக்கி அணியை ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் என்று நான்கு வருஷத் தவணையில்தான் கட்டுவார்கள். நடுவில் விலகினால், அடுத்து நிற்பவருக்குப் பெரிய ஆட்டங்களில் பழகக் காலம் போதாது. இவர் பாரிஸுக்கு முன்பே அறிவித்துவிட்டார். அடுத்தவர்களுக்கு முழு நான்கு வருஷமும் கிடைத்தது. அடுத்த மாதமே சீனாவின் ஹுலுன்புயிரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்குக் கிருஷன் பகதூர் பாடக்கும் சூரஜ் கர்கேராவும் கோல்கீப்பர்களாகப் போனார்கள். இந்தியா கோப்பையோடு திரும்பியது. எங்களைக் கேட்டால், சரியான நேரத்தில்தான் விலகினார்.

பெண்கள் அணியில் கோல்கீப்பராக இருக்கிறேன். கத்தி வழிகாட்டச் சொல்கிறார் சார். கத்தினால் சீனியர் அக்காக்கள், "நேத்து வந்தவ, ரொம்பப் பேசுற" என்கிறார்கள். என்ன செய்வது?
– கல்லூரி மாணவி, திருவாரூர்

சார் சொல்வது சரி. அக்காக்களின் கோபத்திலும் நியாயம் இருக்கக்கூடும். நீங்கள் எப்போது கத்துகிறீர்கள் என்பதைப் பாருங்கள். பந்து வருவதற்கு முன்னால் வந்தால் அது உதவி. கோல் விழுந்த பிறகு வந்தால் திட்டு. புதிய கோல்கீப்பர்களில் பாதிப் பேர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள்.

ஆடுகளம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் இருப்பது கோல்கீப்பருக்கு மட்டும்தான். ஸ்ரீஜேஷ் ஆடிய ஆட்டங்களில் அவர் தடுத்தது டிவியில் தெரிந்தது. ஆட்டம் முழுக்க முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களை (ஃபுல்பேக்) நகர்த்திக்கொண்டே இருந்த அந்தக் குரல் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அவ்வளவாகக் கேட்டிருக்காது. அவருக்குப் பின் வந்தவர்கள் நிரப்ப வேண்டியிருந்தது அதையும் சேர்த்துத்தான்.

பழகும் முறை இது. முதலில் பெயர், அப்புறம் வேலை. "லெஃப்ட் வா, கவிதா" என்றால், லெஃப்ட் என்ற சொல் யாருக்கு என்று தெரியாமலே போய்விடும். "கவிதா, லெஃப்ட்!" என்றால் பெயரைக் கேட்டதுமே காது திறந்துகொள்ளும். மொத்தம் ஐந்தாறு சொல் போதும்: லெஃப்ட், ரைட், ஏறு, நில், ஆளைப் பிடி, என் பந்து. எல்லாம் ஒரே மூச்சில் முடிகிற சொற்களாக இருக்கட்டும். அக்காக்களோடு உட்கார்ந்து இந்தச் சொற்களை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தாங்களே தேர்ந்தெடுத்த சொல்லைக் கேட்டு யாருக்கும் கோபம் வராது. களத்துக்குள் அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிடலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பந்து பறக்கிற நேரத்தில் மூன்று பேர் ஒன்றாகத் திரும்பினால் கோல்தான்.

மகன் கோல்கீப்பராக வேண்டும் என்கிறான். முழு கிட் வாங்க இப்போது வசதி இல்லை. எதை முதலில் வாங்குவது? காலில் கட்டும் கிரிக்கெட் பேட் வீட்டில் இருக்கிறது, ஆகுமா?
– ஒரு தந்தை, பாபநாசம்

கிரிக்கெட் பேட் ஆகவே ஆகாது. அது காலின் முன்பக்கத்தைக் காப்பாற்றும், பாதத்தை விட்டுவிடும். ஹாக்கி கோல்கீப்பர் பந்தை உதைத்துத்தான் வெளியேற்றுகிறார். ஷூவுக்கு மேல் கட்டும் கிக்கர் இல்லாவிட்டால் விரல் எலும்பு போய்விடும். கிரிக்கெட் ஹெல்மெட்டிலும் தொண்டை திறந்து கிடக்கும். பந்தின் எடை 156 முதல் 163 கிராம், கல் மாதிரி இருக்கும்.

வாங்கும் வரிசையைச் சொல்கிறோம். கிரில் வைத்த ஹாக்கி ஹெல்மெட், தொண்டைக் காப்பு, மார்புக் கவசம், அடிவயிற்றுக் காப்பு ஆகிய நான்கும் சொந்தமாக, அளவெடுத்து வாங்க வேண்டும். கால் பேடும் கிக்கரும் கைக் காப்பும் பள்ளியிலோ கிளப்பிலோ பழையதாகக் கிடைத்தால் ஒரு வருஷம் ஓட்டலாம். பழைய பேடை வாங்குகிறபோது ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் வேண்டாம். பேட் கட்டியபின் முழங்கால், பேடில் முழங்காலுக்கென்று உள்ள மடிப்பில் உட்கார வேண்டும். வளர்கிற பிள்ளையாயிற்றே என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் ஓடும்போது பேட் சுற்றிக்கொள்ளும், அவனே தடுக்கி விழுவான்.

பராமரிப்பு நம் ஊரில் தனிப் பாடு. வியர்வையில் ஊறிய கைக் காப்பை மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில், காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் ஃபோம் விறைத்து வெடிக்கும், பசையும் விட்டுவிடும். பையை மூடியே வைத்தால் ஐப்பசியில் பூஞ்சை பிடிக்கும். நெல் மூட்டைக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். எலிக்கு ஃபோமும் ஒன்றுதான், சாக்கும் ஒன்றுதான்.

ஸ்ரீஜேஷுக்கு முதல் கிட் வாங்க அவருடைய அப்பா மாட்டை விற்றார் என்பது பலமுறை பத்திரிகைகளில் வந்த செய்தி. நீங்கள் அவசரப்பட வேண்டாம். முதல் ஆறு மாதம் அவன் கோலில் நின்று பார்க்கட்டும்.

எங்கள் அணியில் 17 வயதுப் பையன் ஒருவன். டிராக் ஃபிளிக்கில் (பந்தை மட்டையோடு இழுத்து வீசுவது) மாவட்டம் முழுக்கப் பெயர். ஆனால் அணிக்குள் அவனைக் கண்டால் யாருக்கும் ஆகவில்லை. பாஸ் தர மாட்டான், திட்டுவான் என்கிறார்கள். அவன் இல்லாமல் ஜெயிக்கவும் முடியவில்லை.
– உடற்கல்வி ஆசிரியர், பட்டுக்கோட்டை

முதலில் அவன் யாரைத் திட்டுகிறான் என்று கவனியுங்கள். பந்தை நிறுத்திக் கொடுக்கும் ஸ்டாப்பரைத்தான் என்று பந்தயம் கட்டலாம்.

பெனால்டி கார்னர் மூன்று பேர் வேலை. கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தை உள்ளே தள்ளுகிறார். கோலுக்கு முன்னால் வளைவாகக் கோடு போட்ட "டி"க்கு வெளியே ஒருவர் நிறுத்துகிறார். மூன்றாமவர் ஃபிளிக் செய்கிறார். பேப்பரில் பெயர் வருவது மூன்றாமவருக்கு மட்டும். பந்து நிற்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றால், ஃபிளிக் அடிப்பவரின் முன்கால் தப்பான இடத்தில் விழும். பந்து கம்பத்துக்கு மேலே போகும், அல்லது தடுக்க எதிரே ஓடிவரும் ரஷ்ஷரின் காலில் முட்டும். கோபம் அங்கேதான் பிறக்கிறது. உங்களுடையது மண் மைதானம் என்றால் தள்ளிய பந்து துள்ளித் துள்ளித்தான் வரும். ஸ்டாப்பர் என்ன செய்வார், பாவம்.

ஒரு வாரம் வேலைகளை மாற்றிக் கொடுங்கள். அவன் பின்கோட்டிலிருந்து தள்ளட்டும். மட்டையைப் பின்னால் ஓங்காமல், பந்தோடு ஒட்டி இழுத்துத் தள்ள வேண்டும். சுண்ணாம்பால் ஒரு முழ அகலத்துக்குக் குறி போட்டு, பத்தில் ஏழு அதற்குள் போகிறதா என்று எண்ணச் சொல்லுங்கள். அடுத்து ஸ்டாப்பர் வேலை: குனிந்து, மட்டையைத் தரையோடு கிடத்தி, பிடியை இறுக்காமல் பந்தை வாங்க வேண்டும். பிடி இறுகினால் பந்து எகிறும். இருபது பந்து நிறுத்திப் பார்த்தானென்றால் வாய் தானாக அடங்கும்.

தடுக்கும் பக்கத்திலும் நிறுத்துங்கள். முதல் ரஷ்ஷராக ஓடுவது ஹாக்கியில் மிகக் கடினமான வேலை. ஃபிளிக் செய்பவரை நோக்கி நேராக, பந்து வரும் கோட்டிலேயே ஓட வேண்டும். (முகக் கவசம், கைக் காப்பு, முழங்கால் காப்பு இல்லாமல் பயிற்சியில்கூட யாரையும் ஓடவிடாதீர்கள்.) பாரிஸில் 10 கோல் போட்டு முதலிடம் பிடித்தவர் நம் டிராக் ஃபிளிக்கர் ஹர்மன்ப்ரீத் சிங். இந்திய அணிக்குப் பல ஆண்டுகளாக முதல் ரஷ்ஷராக ஓடியவர் அமித் ரோஹிதாஸ். அவருக்குப் பிரிட்டனுடனான கால் இறுதியில் சிவப்பு அட்டை. மீதி ஆட்டம் முழுவதையும் பத்துப் பேரோடு ஆடி, ஷூட் அவுட்டில் 4–2 என்று இந்தியா தப்பியது. தடை காரணமாக அரையிறுதியிலும் அவர் இல்லை. ஜெர்மனியிடம் 2–3 என்று தோற்றோம். அவர் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அன்றைக்குக் கோல் போடாத ஒருவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். கோல்களை எழுத வேண்டாம், அது ஊருக்கே தெரியும். பந்தை இழந்தபின் எத்தனை முறை திரும்பி ஓடினான், "டி"க்குள் தனியாக நின்றவனுக்கு எத்தனை பந்து கொடுத்தான், மாற்று ஆட்டக்காரருக்காகக் கூப்பிட்டதும் உடனே வெளியே வந்தானா என்று மட்டும் குறியுங்கள். மூன்றாவதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஆகவே நட்சத்திரம் ஒருவன் வெளியே வர மறுத்தால், கோட்டருகே தயாராக நிற்கும் பையனை அணி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் கெடும் பெயர் நான்கு கோலுக்கும் திரும்பாது. அட்டைகளையும் குறித்து வையுங்கள். பச்சை என்றால் 2 நிமிடம், மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம், அவனுக்காக மற்றவர்கள் ஓட வேண்டும். நோட்டை அவனிடம் தனியாகக் காட்டுங்கள், எல்லோர் முன்னாலும் படிக்காதீர்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறோம். 17 வயதில் முதுகெலும்பு இன்னும் முற்றவில்லை. டிராக் ஃபிளிக் கீழ்முதுகை முறுக்கி அடிக்கும் அடி. ஒரு நாளைக்கு 25-க்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு மூன்று நாள் போதும். இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் வலி என்று சொன்னால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். பெயர் வாங்கிய பையன்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

எங்கள் ஊர் கார்த்தி செல்வம் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டவர். அவரை ஏன் பாரிஸுக்கு எடுக்கவில்லை?
– வாசகர், அரியலூர்

கொள்ளிடத்து வடகரைக்கே அது பெருமைதான். 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் அந்தக் கோல். 2023-இல் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையிலும் கோல் போட்டார், இந்தியா வென்றது. ஆனால் பாரிஸ் ஒலிம்பிக் அணியில் 16 பேர்தான். கார்த்தி ஆடும் முன்வரிசையில் பாரிஸுக்குப் போனது ஐந்தே பேர்: மன்தீப், லலித், அபிஷேக், சுக்ஜீத், குர்ஜந்த். அவ்வளவு குறுகலான வாசல் அது.

பெனால்டி கார்னரில் முதல் அடி உயரமாகப் போனால் கோல் இல்லை என்கிறார்கள். டிராக் ஃபிளிக் மட்டும் உயரமாகப் போகிறதே?
– வாசகி, சீர்காழி

ஓங்கி அடிக்கும் ஹிட்டுக்குத்தான் அந்தத் தடை. முதல் ஷாட் ஹிட்டாக இருந்தால், கோல்கோட்டைத் தாண்டும்போது பந்து 460 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கோலுக்குள் கீழே இருக்கும் பலகையின் உயரம் அதுவே. பந்து பலகையில் மோதி "டம்" என்றால் நடுவருக்கு வேலை சுலபம். ஃபிளிக், புஷ் (ஓங்காமல் தள்ளுவது), ஸ்கூப்புக்கு (மட்டையால் அள்ளித் தூக்குவது) இந்த வரம்பு இல்லை. ஆபத்தாக இல்லாதவரை உயரமாகப் போகலாம். எதுவானாலும் பந்து முதலில் "டி"யை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் சேறு. மூன்று மாதம் மட்டையைத் தொடுவதில்லை. அப்புறம் டர்ஃபில் (செயற்கைப் புல்தரை) ஆடப் போனால் பந்து காலுக்கடியில் ஓடிவிடுகிறது.
– பள்ளி அணித் தலைவர், மயிலாடுதுறை

பந்து காலுக்கடியில் ஓடுவதற்குக் காரணம் மழை இல்லை, மண். மண்ணில் பந்து துள்ளும் என்று பயந்து மட்டையை நிமிர்த்தியே பிடித்துப் பழகியிருப்பீர்கள். டர்ஃபில் பந்து தரையோடு வழுக்கிக்கொண்டு வேகமாக வரும். முழங்காலை மடக்கி, மட்டையைத் தாழ்த்தி வாங்க வேண்டும்.

அதற்கு நெல் காயவைக்கும் சிமெண்ட் களம் நல்ல இடம். மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், பந்தும் துள்ளாது. அறுவடை நேரம் தவிர்த்து, களத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு பேர்: வலப்பக்கம் 50 புஷ், இடப்பக்கம் 50, அப்புறம் ஓடிக்கொண்டே வாங்குவது 30. களத்தில் ஹிட் அடிக்கக் கூடாது. பந்து துள்ளி யார் முகத்திலாவது படும். சிமெண்டில் மட்டையின் தலை சீக்கிரம் தேயும் என்பதால் பழைய மட்டையை எடுங்கள். தலையின் அடிப்பக்கத்தில் இரண்டு சுற்று டேப் ஒட்டி, தேயத் தேய மாற்றுங்கள். போட்டிக்குப் போகும்போது டேப்பை உரித்துவிட்டுத் தடவிப் பாருங்கள். சிலாம்பு எழும்பியிருந்தால் அந்த மட்டையை நடுவர் அனுமதிக்க மாட்டார்.