டீசலா, ஹைப்ரிடா? கேளுங்கள், சொல்கிறேன்

டீசல் என்ஜின்களைக் கழற்றி மாட்டித் தொழில் கற்றவன் நான். பல வருடம் டீசல் கார்தான் ஓட்டினேன். இப்போது வீட்டில் நிற்பது ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த கார். அதனால் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் என் மேல் சந்தேகம் உண்டு. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, வீட்டிலிருந்து அலுவலகம் 6 கி.மீ. போக வர 12. வேறு எங்கும் பெரிதாகப் போவதில்லை. டீசல்தான் மைலேஜ் தரும், அதையே வாங்கு என்கிறார் மாமா. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. மாமா சொல்வது அவர் காலத்து டீசலுக்குச் சரி. அந்த வண்டிகளில் புகை பின்னால் வெளியே போனது, அத்தோடு கதை முடிந்தது. இன்றைய டீசலில் புகைக்குழாய்ப் பாதையில் டிபிஎஃப் என்றொரு வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. கரித்துகளைப் பிடித்து வைப்பது அதன் வேலை. பிடித்ததை அவ்வப்போது எரித்துத் தீர்க்கவும் வேண்டும், அதற்கு உள்ளே 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு ஏற வேண்டும். நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் ஒரே சீராகப் போனால் இது தானாக நடந்துவிடும். உங்கள் 6 கி.மீ. ஓட்டத்தில் என்ஜின் ஆயிலே முழுதாகச் சூடாகியிருக்காது, அதற்குள் சாவியைத் திருப்பி அணைத்திருப்பீர்கள்.

வடிகட்டி நிரம்ப நிரம்ப, அதை எரிப்பதற்காகக் கார் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். பாதியில் அணைத்தால் அந்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கும். ஒருவர் என்னிடம் வந்து, "ஆறு மாசமா ஆயில் ஒரு சொட்டுகூடக் குறையல, அருமையான என்ஜின்" என்று பெருமைப்பட்டார். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. குறையாமல் இருந்ததற்குக் காரணம் என்ஜினின் அருமை அல்ல, உள்ளே இறங்கிய டீசல்.

ஹைப்ரிடும் உங்களுக்குக் கட்டாயமில்லை. வருடத்துக்கு 4,000 கி.மீ.கூட வராது போலிருக்கிறது. சாதாரண பெட்ரோல் கார் போதும்.

கேள்வி: நான் தினமும் நெடுஞ்சாலையில் 180 கி.மீ. ஓட்டுகிறேன். நண்பர்கள் ஹைப்ரிட் வாங்கச் சொல்கிறார்கள். ஏதோ இடிக்கிறது.

பதில்: சரியாகத்தான் இடிக்கிறது. ஹைப்ரிடின் லாபம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிரேக் போடும்போது வீணாகப் போகும் வேகத்தை மோட்டார் மின்சாரமாக்கிப் பேட்டரியில் போடுகிறது. சிக்னலில் என்ஜின் அணைந்திருக்கிறது. மெதுவாக ஊரும்போது, என்ஜின் மிக மோசமாக எரிபொருள் குடிக்கும் அந்த வேலையை மோட்டார் வாங்கிக்கொள்கிறது. மூன்றுமே நகரத்து நெரிசலில் நடப்பவை. 100 கி.மீ. வேகத்தில் பிரேக்கைத் தொடாமல் போகிறவருக்கு மீட்டெடுக்க என்ன இருக்கிறது?

டீசலுக்கு அதுதான் சொந்த வீடு. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் ஆற்றல் உண்டு. அழுத்தத்தாலேயே எரியும் என்ஜின் என்பதால் அழுத்த விகிதமும் அதிகம், அதனால் எரிபொருளிலிருந்து கூடுதல் வேலை வாங்கும். 180 கி.மீ. ஓடினால் வடிகட்டி தானாகவே சுத்தமாகிக்கொள்ளும், மேலே தம்பிக்குச் சொன்ன தலைவலி உங்களுக்கு இல்லை. டீசலையே வாங்குங்கள்.

அதற்காக நெடுஞ்சாலையில் ஹைப்ரிட் படுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அதில் இருக்கும் பெட்ரோல் என்ஜின் பெரும்பாலும் அட்கின்சன் சுழற்சி வகை, இழுவிசையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எரிபொருளை மிச்சம் பிடிப்பது. 2015 இறுதியில் வந்த டொயோட்டாவின் நான்காம் தலைமுறை ப்ரியஸ் ஹைப்ரிடின் என்ஜின் 40 சதவீத வெப்பத் திறனைத் தொட்டது, அதாவது எரிபொருளின் ஆற்றலில் 40 சதவீதத்தை வேலையாக்கியது, பெட்ரோலுக்கு அது பெரிய விஷயம். நகரத்தில் கிடைக்கும் ஆச்சரியம் நெடுஞ்சாலையில் கிடைக்காது, அவ்வளவுதான். அப்புறம், எந்தக் காராக இருந்தாலும் 80-ல் போவதற்கும் 120-ல் போவதற்கும் காற்றின் எதிர்ப்பு இரண்டே கால் மடங்கு வித்தியாசம். மைலேஜ் பற்றிப் புகார் சொல்லும் பலருக்கு வலது கால்தான் பிரச்சினை.

கேள்வி: எட்டு வருடத்தில் ஹைப்ரிட் பேட்டரி செத்துவிடும், மாற்றினால் கார் விலையில் பாதி போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா சார்?

பதில்: எட்டு வருடம் என்பது பல நிறுவனங்கள் கொடுக்கும் பேட்டரி உத்தரவாதக் காலம். 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. என்று போட்டிருப்பார்கள். அதையே ஆயுள் முடியும் தேதி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள்.

செல்போன் பேட்டரியை நாம் பூஜ்யம் வரை வடித்து, நூறு வரை நிரப்புகிறோம். ஹைப்ரிட் கார் தன் பேட்டரியை அப்படி நடத்துவதில்லை. முழுக்க நிரம்பவும் விடாது, முழுக்கக் காலியாகவும் விடாது, நடுவிலேயே வைத்திருக்கும். அதனால்தான் நீண்ட காலம் தாங்குகிறது. முதல் ப்ரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் பின்வந்த தலைமுறைகளை டாக்ஸிக்காரர்கள் ஊர் ஊராக லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிவிட்டார்கள். அளவும் சின்னது. பிளக் இல்லாத ஹைப்ரிடில் பொதுவாக ஒன்று, ஒன்றரை கிலோவாட் மணி. முழு மின்சாரக் காரில் இருப்பது அதைப்போல் பல பத்து மடங்கு. மின்சாரக் கார் பேட்டரியின் விலையைக் கேட்டுவிட்டு வந்து ஹைப்ரிடுக்குப் பயப்படுகிறவர்களே அதிகம்.

சாகவே சாகாது என்று சொல்ல மாட்டேன். வெப்பம் அதற்கு எமன். பல ஹைப்ரிடுகளில் பின் சீட்டுப் பக்கம் சின்னக் காற்றுத் துவாரம் இருக்கும், பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அதன் மேல் பையை வைப்பது, துணியைப் போடுவது, நாய் முடி அடைத்துக் கிடப்பது, இதெல்லாம் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும். சர்வீஸில் அந்தத் துவாரத்தின் வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் செய்ய மாட்டார்கள்.

இன்னொன்று. டீசலில் அந்தப் பேட்டரி இல்லைதான். ஆனால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், உயர் அழுத்த பம்ப், டர்போ, டிபிஎஃப் என்று ஒவ்வொன்றும் பர்ஸைக் காலி செய்யக்கூடிய நாலு உருப்படி இருக்கின்றன. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய காமன் ரெயில் என்ஜினில் எரிபொருள் 2,000 பார் அளவு அழுத்தத்தில் பாய்கிறது. அங்கே தூசும் தண்ணீரும் கலந்த டீசல் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பேட்டரிக்கு மட்டும் பயப்படுவது நியாயமில்லை.

கேள்வி: விற்பனையாளர் காட்டும் எல்லாக் காரிலும் ஹைப்ரிட் என்று எழுதியிருக்கிறது. விலை மட்டும் எங்கெங்கோ போகிறது.

பதில்: அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். "என்ஜின் ஓடாமல் இந்தக் கார் நகருமா?"

நகராது என்றால் அது மைல்டு ஹைப்ரிட். என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் இடத்தில் கொஞ்சம் பெரிய மோட்டார், பெரும்பாலும் 48 வோல்ட். புறப்படும்போது சின்ன உந்துதல் தரும். கெட்டதில்லை, ஆனால் அதற்காகப் பெரிய தொகை கொடுக்காதீர்கள். டீசலிலேயே மைல்டு ஹைப்ரிட் உண்டு, அதையும் ஹைப்ரிட் என்றே விற்பார்கள். நகரும் என்றால் முழு ஹைப்ரிட். நான் இங்கே ஹைப்ரிட் என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

சார்ஜ் போடும் துளை இருந்தால் பிளக்-இன். அதை வாங்கினால் தினமும் சார்ஜ் போட வேண்டும். போடாவிட்டால் கனமான பேட்டரியைச் சும்மா சுமந்து திரியும் பெட்ரோல் கார் அது. ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், பிளக்-இன் கார்கள் சாலையில் விடும் கார்பன் டை ஆக்சைடு சோதனைக்கூட எண்ணைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு என்று வந்தது. சார்ஜ் போடும் சோம்பேறித்தனத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: கணக்கு எப்படிப் போடுவது? மைலேஜ் அதிகம் உள்ளதை வாங்கினால் போதாதா?

பதில்: போதாது. மைலேஜ் எண் ஏமாற்றும். வருடம் 15,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்று வைப்போம். லிட்டருக்கு 10 கி.மீ. தரும் காரை விட்டு 15 தரும் காருக்கு மாறினால் 1,500 லிட்டர் 1,000 ஆகிறது, மிச்சம் 500. 20 தருவதை விட்டு 30 தருவதற்கு மாறினால் 750 லிட்டர் 500 ஆகிறது, மிச்சம் 250 தான். இரண்டாவது மாற்றம் காதுக்குப் பெரிதாகக் கேட்கும், பணமோ பாதிதான்.

ஆகவே விலை வித்தியாசத்தை லிட்டரில் மாற்றிப் பாருங்கள். ஹைப்ரிடுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை 1,500 லிட்டர் எரிபொருளுக்குச் சமம், வருடம் மிச்சமாவது 150 லிட்டர் என்றால், அது திரும்பி வரப் பத்து வருடம் ஆகும். பத்து வருடம் அந்தக் காரை வைத்திருப்பீர்களா? டீசலும் பெட்ரோலும் வேறு விலையில் விற்கும் இடமாக இருந்தால் லிட்டரில் நிறுத்தாமல் பணமாகவே கணக்குப் போடுங்கள். விளம்பர மைலேஜை மட்டும் எடுக்காதீர்கள், அதே மாடல் வைத்திருக்கும் இரண்டு பேரைக் கேளுங்கள்.

கேள்வி: மலைப்பாதை, ஆறு பேர், மேலே சாமான். சில நேரம் டிரெய்லரும் இழுப்போம்.

பதில்: டீசல். என்ஜின் நிமிடத்துக்கு 1,500, 2,000 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போதே முழு இழுவிசையும் வந்துவிடும், கத்தாமல் ஏறும். நீண்ட ஏற்றத்தில் ஹைப்ரிடின் சின்னப் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோய், பாரம் முழுக்க என்ஜின் தலையில் விழும். ஏறாமல் நிற்காது, ஆனால் சத்தம் போட்டுக்கொண்டே ஏறும். டிரெய்லர் விஷயத்தில் கையேட்டைப் பாருங்கள். சில ஹைப்ரிடுகளில் இழுக்கவே கூடாது என்று போட்டிருக்கும்.

கேள்வி: டீசலில் கார்பன் குறைவு என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், இப்போது டீசலே விஷம் என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், இரண்டும் வேறு வேறு புகை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு, பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. ஆனாலும் டீசல் கார் குறைந்த லிட்டரில் ஓடுவதால், சாதாரண பெட்ரோல் காரோடு பார்த்தால் கிலோமீட்டருக்கு அது குறைவாகவே விட்டது. அதை நம்பித்தான் அரசுகள் சலுகை கொடுத்தன.

நுரையீரலுக்குப் போகும் கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் தனிக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் டீசல் புகையை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் சோதனையில் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்திருந்தது அம்பலமானது. உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். அதற்குப் பிறகு டீசலின் பெயர் மீளவே இல்லை. ஐரோப்பாவின் வாகனப் புகை விதியான யூரோ 6-ன்படி நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு டீசலுக்குக் கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராம், பெட்ரோலுக்கு 60. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா திரவம் ஊற்றும் புதிய டீசல்கள் பழையவற்றைவிட எவ்வளவோ சுத்தம். டீசல் பழசாகி, வடிகட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடும்போதுதான் எனக்கு எரிச்சல் வரும். வாடிக்கையாளர் கேட்டாலும் நான் அதைச் செய்து கொடுத்ததில்லை.

கேள்வி: பழைய கார் வாங்குகிறேன். டீசலில் எதைப் பார்க்க வேண்டும், ஹைப்ரிடில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: டீசலில் முதலில் ஓட்டியவரைப் பாருங்கள். எங்கே வேலை, தினமும் எவ்வளவு தூரம் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். ஐந்து வருடத்தில் 20,000 கி.மீ. மட்டும் ஓடிய டீசல் என்றால் பலர் சந்தோஷப்படுவார்கள். நான் ஓடிவிடுவேன். அது முழுக்கக் கடைத்தெரு ஓட்டம். நெடுஞ்சாலையில் ஒரு லட்சம் ஓடியது அதைவிட ஆரோக்கியமாக இருக்கும். என்ஜின் ஆறிய நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஹைப்ரிடில் பேட்டரிச் சோதனை அறிக்கை கேளுங்கள், பிரேக் டிஸ்க்கையும் பாருங்கள். மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேடு நெடுநாள் வரும், ஆனால் வேலையில்லாத டிஸ்க் துருப்பிடிக்கும்.

கேள்வி: ஒரு மாதம் வெளியூர் போய் வந்தேன். ஹைப்ரிட் கார் உயிரே காட்டவில்லை. பெரிய பேட்டரி போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் போனது சின்னது. ஹைப்ரிடிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. கம்ப்யூட்டர்களை எழுப்புவது அதுதான். அது படுத்தால் பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தும் பயனில்லை. கையேட்டில் சொன்ன இடத்தில் வேறொரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: மழைத் தண்ணீரில் போனால் ஹைப்ரிட் ஷாக் அடிக்குமா?

பதில்: அடிக்காது. உயர் மின்னழுத்தம் காரின் உடலோடு இணைக்கப்படவே இல்லை, கசிவு தெரிந்தால் கார் அதைத் துண்டித்துவிடும். ஆரஞ்சு நிற வயரை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். தேங்கிய ஆழத் தண்ணீரில் டீசலானாலும் ஹைப்ரிடானாலும் இறங்காதீர்கள், என்ஜின் தண்ணீர் குடித்தால் இரண்டுக்கும் ஒரே கதிதான்.

கேள்வி: டீசல் டாங்கில் பெட்ரோல் போட்டுவிட்டார்கள்!

பதில்: சாவியைத் தொடாதீர்கள். தள்ளி ஓரம் கட்டி, டாங்கை வடியுங்கள். டீசல்தான் அந்த பம்ப்புக்கு மசகு, பெட்ரோல் போனால் தேய்ந்து துகள் உதிரும். ஸ்டார்ட் செய்யாதவரை செலவு வடிப்பதோடு போகும்.

கேள்வி: அண்ணா, முதல் கேள்வி கேட்டவன்தான். மாமா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். தன் டீசல் இருபது வருடமாக அதே 6 கி.மீ. பாதையில்தான் ஓடுகிறதாம், ஒரு பிரச்சினையும் இல்லையாம்.

பதில்: இருக்காது. மாமாவின் வண்டியில் டிபிஎஃப் இருக்க வாய்ப்பில்லை. அந்த வண்டியை அவர் உங்களுக்கே தருவதாகச் சொன்னால் மட்டும் திரும்ப எழுதுங்கள், பேசுவோம்.