12 மணி நேர ஷிப்ட் வேலை, ஞாயிறு ஆராதனைக்குக்கூடப் போக முடிவதில்லை. தேவனை முதலில் நேசிப்பது எப்படி?

உங்கள் கேள்வியில் இருக்கிற அந்த "கூட"தான் என்னை எழுத வைத்தது. சபையில் யாரோ உங்களை ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் சொன்னார்கள்.

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரில் இருக்கிறேன். அக்கரையில் பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாசில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் 19 வருடமாக வேலை. காலை 7 மணி ஷிப்ட்டுக்கு 4.30க்கு எழுந்து 5.30க்குக் கம்பெனி பஸ் ஏற வேண்டும். நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. கணக்குப் போட்டால் ஆறு ஞாயிறில் இரண்டுதான் கிடைக்கும், அதுவும் அடுத்தடுத்து வந்துவிடும். அப்புறம் ஒரு மாதம் ஆளைக் காணோம் என்பார்கள். ஒருநாள் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு மூப்பர், "தேவனுக்கு முதலிடம் கொடுத்தால் வேறு வேலையை அவரே தருவார், சிஸ்டர்" என்றார். என் பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் நின்றார்கள். வீட்டுக் கடனும் கார் கடனும் யார் கட்டுவது என்று அவர் கேட்கவில்லை.

அந்தக் கோபம் பல வருடம் இருந்தது. அந்தக் கோபத்தில் என் சொந்தத் தப்பு எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் லைனில் மின்சுற்றுப் பலகைகளில் கையால் பற்றவைக்கும் (சால்டரிங்) வேலை. பற்றவைக்கும் இரும்பின் நுனி 350 டிகிரியில் இருக்க வேண்டும், பத்து கூடலாம், பத்து குறையலாம். சூடு குறைந்தால் பற்று பார்வைக்குச் சரியாக இருப்பதுபோல் தோன்றலாம், ஆனால் கொஞ்ச நாளில் விட்டுப்போகும். கூடினால் பலகையில் இருக்கும் செம்பே பெயர்ந்து வரும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீட்டரில் வைத்துப் பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டும். இரவு ஷிப்ட்டில் 9, 11, 1, 3, 5 என்று ஐந்து கட்டம். லைன் லீடர் நான்தான். நான் என்ன செய்வேன் தெரியுமா? ஐந்து மணிக்கு ஒரே தடவையாக ஐந்தையும் எழுதுவேன். 348, 352, 351 என்று மாற்றி மாற்றி. ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வருமே. எழுதும்போது வாயில் கீர்த்தனை முணுமுணுத்துக்கொண்டிருப்பேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, இரவு ஷிப்ட் முடிந்து பஸ்சிலிருந்து நேராகச் சபைக்குப் போனேன். அன்று உபாகமம் ஆறாம் அதிகாரம் வாசித்தார்கள். முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் முழுப் பலத்தோடும் கர்த்தரிடத்தில் அன்புகூர வேண்டும் என்ற வசனம் அங்கேதான் இருக்கிறது. எது பிரதான கற்பனை என்று கேட்டபோது இயேசு எடுத்துச் சொன்னதும் அதைத்தான். சின்ன வயதிலிருந்து மனப்பாடம். ஆனால் அதற்கு அடுத்து வருவதை நான் கவனித்ததே இல்லை. வீட்டில் உட்காரும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்போது இதையே பேசு என்கிறது. பிறகு, இவற்றை உன் கையின்மேல் அடையாளமாகக் கட்டு என்கிறது.

தற்செயலாகக் கையைப் பார்த்தேன். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பலகையில் பாயாமல் இருக்க 12 மணி நேரம் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டையின் தடம் சிவப்பாக இருந்தது. சில மணி நேரத்துக்கு முன்னால் பொய் எண் எழுதிய கை அது. நாங்கள் செய்யும் பலகைகளில் சில மருத்துவக் கருவிகளுக்குள் போகின்றன. யாருடைய அப்பாவுக்கோ, யாருடைய குழந்தைக்கோ. பாவ அறிக்கை ஜெபத்தில் வாய் திறக்க முடியவில்லை.

அதோடு நிறுத்தினேன். மூன்றாவது வாரமே சோதனை வந்தது. இரவு ஒரு மணிக்கு மெஷின் நின்றுபோய் எல்லோரும் அதிலேயே இருந்தோம், அளவு எடுக்கவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டேன். சூப்பர்வைசர், "துலிஸ் சாஜா லா, காக்" என்றார். சும்மா எழுதிவிடு அக்கா, அவ்வளவுதான். அவரும் நல்ல பையன்தான், என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நான் எழுதவில்லை. தணிக்கையில் அந்த வெற்றுக் கட்டம் அகப்பட்டது, எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அந்த வருட போனஸ் குறைந்தது. கணவர் இரண்டு நாள் பேசவில்லை. பதிலுக்கு ஆசீர்வாதமாகப் பதவி உயர்வு வந்தது என்று சாட்சி சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் என் மனதில் தேவனுக்கு எந்த இடம் என்று அந்தக் கட்டத்தில்தான் முதல்முறையாக எனக்கே தெரிந்தது.

நற்கிரியையால் இரட்சிப்பு என்று சொல்ல வருகிறாள் என யாராவது கீழே எழுதுவார்கள். இல்லை. அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தார் என்று யோவான் எழுதியதை நானும் விசுவாசிக்கிறேன். ஞாயிறு தேவையில்லை என்றும் சொல்லவில்லை. கிடைக்கிற அந்த இரண்டு ஞாயிறில் ஓவர்டைம் கேட்டாலும் போகமாட்டேன். முன்பு போனேன், சம்பளம் இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று. ஷிப்ட்டைக் காரணம் காட்டி ஒளிந்துகொண்ட காலமும் எனக்கு உண்டு.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இப்போது எங்கள் தமிழ் ஆராதனையை மதியம் இரண்டு மணிக்குத் தள்ளிவிட்டார்கள். காலை நேரம் ஆங்கில ஆராதனைக்கு. இரவு ஷிப்ட் முடித்தவன் மதியம் இரண்டு மணிக்குத் தூங்குவானா, ஆராதிப்பானா? பிள்ளைகள் தமிழ் வேதம் வாசிப்பதில்லை என்று பிரசங்கத்தில் வருத்தப்படுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

சரி, உங்களுக்கு. என் அம்மா தோட்டத்திலிருந்து வந்து தொழிற்சாலையில் சேர்ந்தபோது தீவுக்குப் பாலம் கிடையாது, அது 1985ல்தான் திறந்தது. பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி அக்கரை சேர்வதற்குள் வீட்டில் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஜெபித்து முடிப்பாராம். எனக்குப் பாலம், 13.5 கிலோமீட்டர். பஸ் அதில் ஏறியதும் போனைப் பைக்குள் போட்டுவிடுவேன். முதலில் ஸ்தோத்திரம், அப்புறம் அன்றைக்கு லைனில் யாரோடு உட்காரப் போகிறேனோ அவர்கள் பேர். சில நாள் பாதிப் பாலத்தில் தூங்கிவிடுவேன், அவருக்குத் தெரியும்.

நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. பிறைப் பக்கம் என்றால் கீழே சொல்லுங்கள். ஷிப்ட் ஆட்கள் நாலு குடும்பம் எங்கள் வீட்டில் கூடுகிறோம், நேரம் ஷிப்ட்டுக்குத் தகுந்தபடி மாறும். இரவு வேலை முடித்து வருகிறவர்களுக்குக் காலை எட்டரைக்கு ரொட்டி சானாயும் தேத்தண்ணியும் இருக்கும்.